வானநூற் புலவர் வைணு பாப்பு

பனங்கொட்டையை ஊன்றுவோர் அதன் நுங்கைத் தாமே உண்போம் என்று எண்ணி ஊன்றுவதில்லை. தம் காலத்திற்குப் பின் வருவோர்க்குப் பயன்படுமென்றே ஊன்றுகின்றனர். அறிவுத் துறையிலும் அத்தகையோர் சிலர் உளர். தாம் தொடங்கிய பணி முற்றுப்பெறுவதைக் காணுமுன்னரே அவர் மறைகின்றனர். பணியோ அவரைக் கடந்து நிற்கின்றது. இந்திய நாட்டு வானநூல் வரலாற்றில் அங்ஙனம் விளங்குபவர் வைணு பாப்பு. காவலூர்த் தொலைநோக்கியின் பெயராக இவர் பெயரைக் கேள்வியுற்றோர் நம் மாணவருட் பலராயினும், இவர் யாவர், எதனை விரும்பினார், எதற்காக உழைத்தார் என்பவற்றை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. கிருஷ்ணகிரியினின்றும் ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் அவ்வூரை அறியாதார் இப்பக்கத்தில் இலர். அவ்வூருக்கு நேர் கிழக்கே, ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைமேல் இருக்கின்றது காவலூர். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறையப் பன்னிரண்டரைப் பாகையில் அமைந்தவை. ஆகவே காவலூரில் எந்த விண்மீன் எழுகின்றதோ அதுவே ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்துக் குந்தாரப்பள்ளியிலும் எழும். பாப்பு தம் ஆராய்ச்சிக்கென்று தேர்ந்துகொண்ட வானம் நம் தலைக்கு மேலுள்ள இவ்வானமே.

இவ்வானத்திற்கு என்ன சிறப்பு என்று வினவலாம். இரவில் வெறுங்கண்ணாற் காணும் விண்மீன்கள் யாவும் நமது பால்வீதியைச் சேர்ந்தவை. அதனைப் போன்றே கோடானுகோடி விண்மீன்களைத் தம்முட்கொண்ட வேறு அண்டங்கள் எண்ணிறந்தன உள. அவற்றினின்று புறப்பட்ட ஒளி பல இலட்சம் ஆண்டுகள், பல கோடி ஆண்டுகள் வழிநடந்து நம்மை அடைகின்றது. ஆதலின் அவற்றுட் பெரும்பாலன தொலைநோக்கியிலும் கண்ணாடிமேல் ஊதிய மூச்சுப்போல் மங்கித் தோன்றும். அவற்றுட் சிறந்தன பல தென்வானில் உள்ளன. பெரிய மெகல்லன் மேகம், சிறிய மெகல்லன் மேகம், சென்டாரஸ் மண்டலத்தில் 5128 என்னும் பட்டியல் எண்ணாற் குறிக்கப்படும் அண்டம் முதலியவற்றை இலண்டன் மாநகரத்தார் தம் ஊரிலிருந்து ஒருநாளும் காண இயலாது. அவை அங்கே அடிவானத்திற்கு மேல் எழுவதேயில்லை.

ஆகவே அவற்றை ஆராய விரும்பிய ஐரோப்பியர் கடல்கடந்து தென்னாடுகளுக்குச் செல்ல வேண்டியவராயினர். ஸ்காட்லாந்தினரான ஜேம்ஸ் டன்லப் என்பார் ஆஸ்திரேலியாவில் உள்ள பாரமட்டா என்னும் ஊரில், தம் கையாற் செய்த ஒன்பது அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு 1826-ஆம் ஆண்டு அந்த 5128-ஐக் கண்டார். ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர் தம் பதினெட்டே கால் அங்குலத் தொலைநோக்கியை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசென்று, 1834 முதல் 1838 வரை தென்வானத்தை முழுவதும் துழாவினார். இருவரும் எவர் ஏவலாலும் அன்றி, ஆர்வம் ஒன்றே பற்றுக்கோடாக அப்பணியைச் செய்தனர். நமக்கோ அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்திரைத் தொடக்கத்து நள்ளிரவில் அந்த 5128 நம் தென்வானில் முப்பத்துநான்கு பாகை உயரத்திற்கு ஏறி நிற்கின்றது. தை மாதத்து முன்னிரவில் பெரிய மெகல்லன் மேகமும் எட்டுப் பாகையளவு எழுகின்றது. வடவானத்தின் பெரும்பகுதியையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் ஒருசேரக் காணும் பேறு இந்நிலப்பகுதிக்கு வாய்த்துள்ளது. அப்பேற்றை உணர்ந்து, அதற்கேற்ற கருவிகளை அமைத்தவர் பாப்பு.

மணலி கல்லாட் வைணு பாப்பு என்னும் முழுப்பெயருடைய இவர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். குடும்பம் மலையாள நாட்டினது. பெற்றோர்க்கு இவர் ஒரே மகவு. தந்தையார் ஹைதராபாத்தில் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தவர். அந்நிலையம் சிறியதாயினும் பெயர்பெற்றது. உலக வானநூலார் பலர் கூடி விண்மீன்கள் அனைத்தையும் புகைப்படம் எடுத்துப் பட்டியலிடத் துணிந்தபோது, வானத்தைப் பல வளையங்களாகப் பகுத்து ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒவ்வொன்றை ஒதுக்கினர். தென்வானின் பதினேழாம் பாகை முதல் இருபத்துமூன்றாம் பாகை வரையுள்ள வளையம் ஹைதராபாத்தின் பங்காயிற்று. அத்தகைய நிலையத்தின் சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு இரவும் விண்மீனும் தொலைநோக்கியும் நெருங்கிய உறவாயின.

நிஜாம் கலாசாலையிற் பயின்ற காலத்திலேயே பாப்பு மாறொளி விண்மீன்களைத் தொடர்ந்து நோக்கி வந்தார். ஒளி கூடியும் குறைந்தும் வருகின்ற அவ்விண்மீன்களைப் பல இரவுகள் பொறுமையோடு பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். ஓரிரவு தவறினும் அவ்விரவின் செய்தி மீண்டும் கிடையாது. அங்ஙனம் தாம் கண்டவற்றை மாணவராய் இருந்தபோதே ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றபின், ஹைதராபாத் சர்க்காரின் உதவிச் சம்பளம் பெற்று 1949-இல் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலைக்குச் சென்றார்.

சென்ற சில திங்களிலேயே அவர் பெயர் வானத்தில் எழுதப்பெற்றது எனலாம். 1949-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள் தாம் எடுத்த புகைப்படத் தகட்டை ஆராய்கையில், விண்மீன்களுக்கிடையே இருத்தற்குரியதல்லாத மங்கிய கோடொன்றைக் கண்டார். அது புதிய வால்வெள்ளி என்பது தெளிவாயிற்று. ஆசிரியரான பார்ட் பாக், உடன் பயின்ற கார்டன் நியூகிர்க் ஆகிய இருவரும் அதனை உறுதிசெய்வதில் துணைநின்றமையால் பாப்பு-பாக்-நியூகிர்க் வால்வெள்ளி என்று அது பெயர்பெற்றது. பசிபிக் வானநூற் சங்கத்தார் அதற்காக அவருக்கு டோனோ பதக்கம் வழங்கினர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

1952-இல் டாக்டர் பட்டம் பெற்று, கார்னெகி நிறுவனத்தாரின் உதவிச் சம்பளத்தோடு கலிபோர்னியா சென்றார். பலோமர் மலையில் அக்காலத்து உலகிலேயே பெரிதான இருநூறு அங்குலத் தொலைநோக்கியின் அருகிருந்து பணிபுரியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. அங்கே ஆலின் வில்சன் என்பாரோடு சேர்ந்து ஓர் அரிய உண்மையைக் கண்டறிந்தார். விண்மீனின் ஒளியைப் பிரித்து நோக்கின், கால்சியம் என்னும் தனிமத்தால் உண்டாகும் கருங்கோடு ஒன்று காணப்படும். குளிர்ந்த விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடும் தோன்றும். அவ்வொளிக்கோடு எத்துணை அகன்றிருக்கின்றதோ அத்துணை அவ்விண்மீன் இயல்பிலே பேரொளி உடையது என்பதே அவர்கள் கண்டது. விளக்கொன்றின் இயற்கை ஒளியை அறிந்துவிட்டால், அது நமக்குத் தோன்றும் ஒளியைக் கொண்டு அதன் தொலைவைக் கணித்தல் எளிதன்றோ? 1957-இல் வெளியான இவ்வாராய்ச்சி, வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரால் இன்றும் பாடநூல்களிற் பயிலப்படுகின்றது.

இவ்வளவு புகழ் இளமையிலேயே எய்தியவர் அந்நாட்டிலேயே தங்கியிருப்பின் குறைகூறுவார் எவருமிலர். பெருந்தொலைநோக்கிகள் யாவும் அங்கிருந்தன. நம் நாட்டில் அவற்றோடு ஒப்பிடத்தக்கது ஒன்றேனும் இல்லை. ஆயினும் பாப்பு 1953-இல் தாய்நாடு திரும்பினார். உத்தரப் பிரதேச சர்க்கார் காசியில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை 1954-இல் ஏற்று, காசியின் புழுதி வானம் அப்பணிக்கு ஒவ்வாமை கண்டு, அந்நிலையத்தை இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலுக்கு மாற்றி அமைத்தார். 1960-இல் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராகத் தென்னாடு வந்தார்.

கோடைக்கானல் நிலையம் 1899-இல் தொடங்கியது. கதிரவனை ஆராய்வதில் உலகப் புகழ்பெற்றது. ஆனால் இரவு வானத்தை நோக்குதற்கு அங்கு மழையும் மூடுபனியும் பெருந்தடையாயின. ஆகவே பாப்பு வேறிடம் தேடத் தொடங்கினார். அவர் வேண்டியவை மூன்று: நிலநடுக்கோட்டிற்கு அணித்தாய் இருத்தல், மேகமற்ற இரவுகள் பல இருத்தல், நகர விளக்குகளின் ஒளி எட்டாதிருத்தல். மேலும் ஆஸ்திரேலியாவிற்கும் தென்னாப்பிரிக்காவிற்கும் இடைப்பட்ட நீண்ட பரப்பில் தென்வானத்தை நோக்குதற்கேற்ற பெரிய நிலையம் எதுவும் அக்காலத்தில் இல்லை. அங்கே இரவு முடிந்து இங்கே இன்னும் பொழுது தொடங்காத இடைவேளையில் வானத்தில் நிகழ்வன யார் கண்ணிற்கும் படாமற் போகும். அவ்விடைவெளியை நிரப்பத் தகுந்த இடமாக, கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் காடு சூழ்ந்திருந்த காவலூரை அவர் தேர்ந்தார்.

அங்கே 1968-இல் முதன்முதல் நிறுவப்பெற்ற தொலைநோக்கி முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ளது. அஃதாவது பதினைந்து அங்குலம். அது வெளிநாட்டில் வாங்கப்பட்டதன்று. நம்மவர் கையாற் செய்யப்பட்டது. இன்று வானத்தில் ஆர்வமுடைய தனிமனிதர் பலர் தம் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கியின் அளவும் ஏறக்குறைய அதுவே. சிறிது என்று அதனை இகழற்க. இருளிற் பழகிய கண்ணின் பாவை ஏழு மில்லிமீட்டர் அகலமுள்ளதாயின், இக்கருவி அக்கண்ணைப் போல் ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு ஒளியைத் திரட்டுகின்றது. தொலைநோக்கியின் முதற்பயன் பெரிதாக்கிக் காட்டுதல் என்று பலர் எண்ணுகின்றனர். மங்கிய பொருளைக் காணவேண்டுவோர்க்கு அதனினும் முதன்மையானது ஒளியைத் திரட்டுதலே. மழைநீரைச் சேர்க்கக் குடத்தினும் அண்டாவின் வாய் அகன்றது போலும் இது.

1972-இல் ஜெர்மனியின் ஸெய்ஸ் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ஒரு மீட்டர்த் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாளே அது ஓர் அரிய செய்தியைத் தந்தது. வியாழனின் துணைக்கோளாகிய கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, அவ்விண்மீனின் ஒளி அடங்கிய முறையினின்று அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்னும் குறிப்புக் கிடைத்தது. அன்று கருதப்பட்டதினும் அது பன்மடங்கு மெல்லியது என்பதைப் பிற்காலத்து விண்கலங்கள் காட்டின. 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பது வெளிப்பட்டபோதும், காவலூரிலிருந்து நோக்கியோர் அதற்குரிய சான்றைப் பதிவுசெய்திருந்தனர். பாப்புவோ, ஓயாது தம் மேற்பரப்பினின்று பெருங்காற்றென வாயுவை வீசும் உல்ஃப்-ரயே விண்மீன்களில் இளமைமுதலே நாட்டமுடையவர். அவ்வினத்துள் மிக்க ஒளியுடைய விண்மீனைக் கொண்ட காமா வெலோரம் நம் தென்வானிற்கு உரியதே.

ஆயினும் அவர் உள்ளம் இவற்றோடு அமையவில்லை. வாங்கிய கருவியால் ஆராயும் நாடு, கருவி செய்யும் நாட்டைப் பின்தொடர்ந்தே செல்லும் என்பது அவருக்குத் தெளிவாய்த் தெரிந்திருந்தது. ஆகவே இருநூற்று முப்பத்துநான்கு சென்டிமீட்டர், அஃதாவது ஏறக்குறையத் தொண்ணூற்றிரண்டு அங்குலம், அகலமுள்ள பெருந்தொலைநோக்கியை இந்நாட்டிலேயே செய்து முடிப்பதென்று துணிந்தார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதனைத் தேய்த்து மெருகிட்டு ஆடியாக்கும் வேலை, 1971-இல் தன்னுரிமை பெற்று அவர் தலைமையில் இயங்கிய இந்திய வானியற்பியல் நிறுவனத்தில், ஏ. பி. ஜெயராஜன் என்னும் ஒளியியல் வல்லுநர் மேற்பார்வையில் நிகழ்ந்தது. அதனைத் தாங்கும் இரும்புச் சட்டகம் மராட்டிய நாட்டு வால்சந்த்நகர்த் தொழிற்சாலையில் உருவாயிற்று.

ஆடி தேய்ப்பதென்பது எத்துணைப் பொறுமையை வேண்டுவது என்பதை நம் மாணவர் அறிதல் நலம். சிறு தொலைநோக்கி செய்வோர் இரண்டு கண்ணாடி வட்டங்களுக்கிடையே கார்போரண்டம் என்னும் கடுந்தூளும் நீரும் இட்டு, மேலதைக் கீழதன்மேல் முன்னும் பின்னுமாக நாட்கணக்கில் உராய்வர். மேலது மெல்ல மெல்லக் குழிந்து வரும். பின்னர்த் தூளின் பருமையைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் கீல்மெழுகின்மேல் மெருகிடுவர். முடிவிலே ஆடியின் பரப்பு எங்கும், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் ஒரு கூறுக்கும் குறைவான பிழையே இருத்தல் வேண்டும். சற்று மிகுதியாகத் தேய்த்துவிட்டால் தேய்ந்ததை மீட்க இயலாது. ஆடி முழுவதையும் மறுபடியும் தேய்த்தல் வேண்டும். சிறு ஆடிக்கே இஃது உண்மையாயின், ஆளுயரத்தினும் அகன்ற ஆடிக்குக் கூறவேண்டுமோ? ஆண்டுகள் பல சென்றன. விலைகொடுத்து வாங்கியிருந்தால் விரைவில் முடிந்திருக்கும். ஆனால் கற்றுக்கொண்ட கைகள் நமக்குக் கிடைத்திரா.

இதற்கிடையே பாப்புவிற்குப் பெருமைகள் பல வந்தன. 1970-இல் பட்நாகர் பரிசும், 1981-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1979-இல் உலக வானநூலார் அனைவர்க்கும் பொதுவான சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே. அவ்வொன்றியத்தின் பேரவை 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரிற் கூடியது. ஆனால் அதன் தலைவர் அங்கே இல்லை. இருதய நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற மூனிச் நகருக்குச் சென்றிருந்த பாப்பு, அம்மாதம் 19-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பெருந்தொலைநோக்கி அப்போது முற்றுப்பெறவில்லை.

பணி நின்றுவிடவில்லை என்பதே அவர் வாழ்க்கையின் சிறந்த சான்று. அவரிடம் பயின்றவரும் அவரோடு உழைத்தவரும் அதனை முடித்தனர். 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அத்தொலைநோக்கியைத் திறந்துவைத்து, அதற்கும் அந்நிலையத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வெறுங்கண்ணைவிட இலட்சம் மடங்கிற்கும் மேலாக ஒளியைத் திரட்டும் அவ்வாடியின் வழியே தொலைதூர அண்டங்களின் ஒளி திரட்டப்பட்டு வருகின்றது. அதனை நாட்டியவர் கண்கள் மட்டும் அவ்வொளியைக் காணவில்லை.

அவ்வொளிக்கு இன்று வேறோர் இடையூறு நேர்ந்துள்ளது. அண்டங்களின் ஒளி ஒரு புள்ளியில் நில்லாது பரந்து கிடப்பது. ஆகவே வானமே வெளிறியிருப்பின், தொலைநோக்கி எத்துணைப் பெரிதாயினும் அண்டத்தை வானத்தினின்று பிரித்தறிதல் அரிது. ஆடி பெரிதாகப் பெரிதாக வானத்தின் வெளிறலையும் அது சேர்த்தே திரட்டும். ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரையிலும் தொழிற்சாலைகள் பெருகி, நெடுஞ்சாலை முழுதும் விளக்குகள் நிரம்பிவிட்டன. இத்தொழில்கள் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிடுவன. அவற்றை வேண்டாவென்று உரைப்பது எம் கருத்தன்று. ஆனால் நிலத்திற்கு வேண்டிய வெளிச்சம் வானத்திற்குச் செல்வதால் யார்க்கு என்ன பயன்? விளக்கின்மேல் மூடி அமைத்து ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தினால், சாலையும் நன்கு தெரியும், மின்சாரமும் மிஞ்சும், வானமும் கருமை நீங்காதிருக்கும். வேலை முடிந்தபின் வீணே எரியும் விளக்கை அணைப்பதற்குச் சட்டமும் வேண்டுவதில்லை.

நம் மாணவருட் பலர் நாளை அத்தொழிற்சாலைகளிற் பணிபுரியச் செல்வர். நுண்ணிய அளவுகளைப் பிழையின்றிக் கையாளும் திறம் அவர்களுக்கு அங்கே கைவரும். ஆடி தேய்ப்பதற்கு வேண்டிய கையும் அத்தகையதே. நண்பர் நால்வர் கூடி எட்டு அங்குல ஆடியொன்றைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி செய்தல் இயலாததன்று. செய்தபின் நிலவில்லா இரவொன்றில் ஊர்விளக்குகளுக்கு அப்பால் சென்று, கண் இருளிற் பழகுமாறு அரைமணி நேரம் காத்திருந்து, தென்வானை நோக்குக. மங்கிய பொருளை நேரே உறுத்துப் பார்த்தல் கூடாது. சற்றுப் பக்கத்தே பார்வையைச் செலுத்தினால், கடைக்கண்ணில் அது தோன்றும். முதலில் ஒன்றுமில்லை போலவும், பின்னர் ஏதோ உளது போலவும், அதன்பின் ஐயமின்றி உளதாகவும் அந்த 5128 புலப்படும். அவ்வொளி அங்கிருந்து புறப்பட்டு ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை அப்போது நினைவிற்கொள்க.

பொதுமக்களுக்கு அனுமதியுள்ள நாளில் காவலூருக்கும் ஒருமுறை சென்று வருக. பெருந்தொலைநோக்கியைக் கண்டு வியப்பதோடு, அங்கே முதன்முதல் நிறுவிய தொலைநோக்கி பதினைந்து அங்குலமே என்பதையும் மறவற்க. அச்சிறு கருவியைத் தொடக்கமாகக் கொண்டு, நம்மவர் கையாலேயே பெரியதொன்றைச் செய்யத் துணிந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் நமக்கென விட்டுச்சென்றவை ஆடியும், அதனை ஆக்கும் கைத்திறனும், இருண்ட வானமும் ஆகிய மூன்றாம். முன்னிரண்டையும் அறிஞர் காத்து வருகின்றனர். மூன்றாவதைக் காக்கும் கடமை இந்நிலப்பகுதியில் வாழும் நம் அனைவர்க்கும் உரியது. அதனை உணர்ந்து செய்வோமாக.